இரைப்பை பேண்டை எடுத்தாகிவிட்டது, கால் ஏன் மரத்துப்போகிறது?

மதுரைப் பக்கத்திலிருந்து 46 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2011-ல் அவர் எடை 104 கிலோ. எடை குறைய இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் பேண்ட் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் 27 கிலோ குறைந்தது. ஏழெட்டு வருடம் பெரிய தொந்தரவில்லை. அப்புறம் தோசையும் சப்பாத்தியும் நெஞ்சிலேயே நிற்க ஆரம்பித்தன. ராத்திரி படுத்தால் எதுக்களித்து இருமல். கடைசி ஆறு மாதம் வாரத்துக்கு நாலைந்து நாள் வாந்தி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பேண்ட் நழுவியிருப்பது தெரிந்தது. ஏழு வாரத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) மூலம் அதை எடுத்துவிட்டு, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவருடைய கவலைகள் இவை. போர்ட் (பேண்டை இறுக்கவும் தளர்த்தவும் ஊசி போடுவதற்காகத் தோலுக்கடியில் வைப்பது) இருந்த இடத்தில் மூன்றாம் வாரம் மஞ்சளாக நீர் கசிந்தது. மாத்திரையில் காய்ந்துவிட்டது, ஆனால் ஒரு கட்டி மாதிரி நிற்கிறது. சாப்பாடு இன்னும் சில நேரம் சிக்குகிறது. அந்தப் பயத்தில் பச்சரிசிக் கஞ்சி, ஜூஸ், சர்க்கரை போட்ட பால், காபியில் நனைத்த பிஸ்கட் என்றே ஓட்டுகிறார். இடது தோளில் வலி. கேஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எடை 5 கிலோ ஏறி 83 ஆகிவிட்டது. “காசு கொடுத்து வெச்சதை காசு கொடுத்தே எடுத்தியாக்கும்” என்று மாமியார் குத்திக்காட்டுகிறார். சிகிச்சை செய்த இடத்திலோ, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் அடுத்த மாதம் சலுகை விலையில் ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் போலாக்குவது) செய்துவிடலாம் என்று போன் மேல் போன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் பல வருடமாக எடுத்துவருகிறார்.

கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு பின்குறிப்பு: “ரெண்டு வாரமாக இரண்டு பாதமும் எரிகிறது, மரத்துப்போகிறது. படி இறங்கும்போது தடுமாறுகிறது. வயசாகிறது போல. அது வேறு விஷயம்.”

டீச்சர், அந்தப் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். கட்டி, எடை, மாமியார் எல்லாம் சில நாள் காத்திருக்கும். கால் காத்திருக்காது.

அது வேறு விஷயம் இல்லை

தயமின் என்கிற வைட்டமின் பி1-ஐ உடம்பு அதிகம் சேர்த்துவைப்பதில்லை. வரத்து நின்றால் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். உங்களுக்கு ஆறு மாதம் வாந்தி. அதன் மேல் ஏழு வாரம் கஞ்சியும் ஜூஸும். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஆற்றலாக மாற்றுகிற வேலைக்குத்தான் உடம்புக்கு தயமின் வேண்டும். வரவே இல்லாத மாதத்தில் செலவைக் கூட்டியிருக்கிறீர்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் சத்துக்குறைவு வரும் என்று நினைக்காதீர்கள். 83 கிலோ எடையோடும் வரும்.

பச்சரிசிக் கஞ்சி என்று நீங்கள் குறிப்பாக எழுதியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். ஆந்திராவின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் ஒரு காலத்தில், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவலாக இருந்தபோது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம். குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தில் சுதந்திரத்துக்கு முன்பே இதை ஆராய்ந்து எழுதிவைத்தார்கள். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று நீங்கள் பச்சரிசிக்கு மாறினீர்கள். நோக்கத்தில் தப்பில்லை, அரிசிதான் தப்பு.

உங்கள் காலுக்கு தயமின்தான் காரணம் என்று கடிதத்தைப் படித்துவிட்டு அடித்துச் சொல்ல மாட்டேன். மெட்ஃபார்மினும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம். அதுவும் பாதத்தை மரக்க வைக்கும். சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். ஆனால் மூன்றில் தயமின் ஒன்றுதான் நாட்கணக்கில் நிலைமையை மோசமாக்கக் கூடியது. தடுமாற்றத்தோடு கண் இரட்டையாகத் தெரிவது, கண்விழி அலைபாய்வது, பேச்சில் குழப்பம் என எது சேர்ந்தாலும் மூளையைத் தொட்டிருக்கலாம் என்று அர்த்தம். நினைவாற்றலில் நிரந்தரக் கோளாறு வரைக்கும் அது போகும். உரிய நேரத்தில் போட்டால் அதைத் தடுக்கக்கூடிய தயமின் ஊசியோ மலிவு.

எனவே நாளைக்கே ஒரு பொதுநல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். “பேண்ட் எடுத்து ஏழு வாரம், அதற்கு முன் ஆறு மாதம் வாந்தி, இப்போது கால் மரத்துத் தடுமாற்றம்” என்று இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். தயமின், பி12, இரும்புச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம், மூன்று மாத சராசரி சர்க்கரை எல்லாம் பார்க்கட்டும். ஆனால் ரிசல்ட் வரும்வரை தயமின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று. நம் ஊரில் களைப்பு என்றதும் “ஒரு பாட்டில் ஏத்திக்கலாமா” என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஆபத்து. தயமின் முதலில் போக வேண்டும், குறைந்தது கூடவே போக வேண்டும். நர்ஸ் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்.

எடுத்தது தப்பா?

இல்லை. பேண்ட் நழுவினால் அதற்கு மேலே இரைப்பையின் ஒரு பகுதி பிதுங்கி உப்பிவிடும். அப்படியே விட்டால் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகவும் வாய்ப்பு உண்டு. போர்ட் வழியாக ஊசி போட்டு பேண்டுக்குள் இருக்கும் உப்புநீரை உறிஞ்சினால் தற்காலிகமாக இறுக்கம் குறையும்; நழுவியது தானாகத் திரும்பாது. உங்கள் மாமியாருக்குச் சொல்ல ஒரு வரி வேண்டுமென்றால், 13 வருடத்துக்கு மேல் உழைத்த பொருளைப் பழுதான பிறகு எடுத்தீர்கள்.

இதில் எங்கள் தரப்புக் கதையும் கொஞ்சம் உண்டு. லேப்ராஸ்கோப்பி மூலம் இந்த வகை பேண்டை முதலில் வைத்தது 1993-ல், பெல்ஜியத்தில். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. வெட்டுவதில்லை, குடலைத் தொடுவதில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அப்படித்தான் நோயாளிகளிடம் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2011-ல், நீங்கள் வைத்துக்கொண்ட அதே வருடம், அமெரிக்காவில் நடந்த எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்று பேண்ட். 2019-ல் நூற்றில் ஒன்று. அதே 2011-ல்தான் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 12 வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த 82 பேரின் கணக்கு வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு பேண்டை எடுக்க வேண்டி வந்திருந்தது. உங்களுக்கு நடந்தது அபூர்வமும் இல்லை, உங்கள் கவனக்குறைவும் இல்லை.

“எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும்” என்கிற நம்பிக்கையை மட்டும் திருத்த வேண்டும். பேண்ட் போய்விடும். அது இருந்த தடம் போகாது.

சாப்பாடு ஏன் இன்னும் சிக்குகிறது

சிலிக்கோன் பேண்டைச் சுற்றி உடம்பு ஒரு நார்த் திசு உறையைக் கட்டும். பேண்டைக் கழற்றினாலும் அந்த உறை வளையமாக அங்கேயே நின்று இரைப்பையை இறுக்கலாம். அதனால் எடுக்கும்போதே உறையைக் கீறி விடுவார்கள், அல்லது உரித்தெடுப்பார்கள். பேண்ட் நழுவாமலிருக்க இரைப்பையை அதன் மேல் மடித்துப் போட்ட தையல்களையும் பிரித்துவிட வேண்டும். உங்களுக்கு இவையெல்லாம் செய்தார்களா என்பது ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் “பேண்ட் அகற்றப்பட்டது” என்று ஒரே வரி இருக்கும். ஆபரேஷன் குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருட மருத்துவர் நடத்தை விதி. எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் உணவுக்குழாய். வருடக்கணக்கில் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அது விரிந்து, தளர்ந்து போயிருக்கலாம். அடைப்பு நீங்கியதும் பலருக்குச் சில மாதங்களில் தேறும். எல்லோருக்கும் முழுசாகத் தேறுவதில்லை. முதல் ஓரிரண்டு வாரம் வீக்கத்தால் சிக்குவது சகஜம். ஏழாம் வாரத்தில் அந்தக் காரணம் பொருந்தாது. பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே, அதற்குப் பிறகு எண்டோஸ்கோப்பி, இரண்டும் தேவை. வளையமாக நார்த் திசு நிற்கிறது என்றால் பலூனால் விரித்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் மறுபடி லேப்ராஸ்கோப்பியில் உறையைப் பிரிக்கலாம். “வயிறு சுருங்கிவிட்டதா” என்று கேட்டீர்கள். சுருங்கவில்லை. வாசலில்தான் சந்தேகம்.

அதுவரை வெறும் கஞ்சியில் இருக்க வேண்டாம். மிருதுவாக, ஆனால் சத்தோடு: நன்றாக வெந்து மசித்த பருப்பு, குழைய வேகவைத்த முட்டை, முள்ளில்லாத மீன், தயிர், மிருதுவான பன்னீர், புழுங்கலரிசிச் சாதம் கொஞ்சமாக. புரதம் நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், கஞ்சியால் இது ஆகாது என்பது தெரியும். தண்ணீரே இறங்காத நாள் வந்தால் வீட்டில் இருக்கக் கூடாது.

தோளும் கட்டியும்

லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றை ஊதவைக்கும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலியை மூளை தோளில் உணரும். கேஸ் என்று அவர்கள் சொன்னது இதைத்தான். முதல் வாரத்துக்கு அது சரியான பதில். ஏழாம் வாரத்தில் அந்த வாயு உங்கள் உடம்பில் இல்லை.

அப்படியானால் என்ன? கையைத் தூக்கும்போது, பின்னால் ரவிக்கைக் கொக்கி போடும்போது மட்டும் வலித்தால் தோள்மூட்டு இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அடிக்கடி வரும். மாடி ஏறும்போது வலித்து, நின்றால் குறைந்தால், கூடவே வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் ஈ.சி.ஜி. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வரும் என்ற கட்டாயம் இல்லை. குளிர் காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் உதரவிதானத்துக்குக் கீழே சீழ் கோத்திருக்கிறதா என்று ஸ்கேன். மூன்றில் எது என்று உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. நாளை போகிற இடத்தில் இதையும் சொல்லுங்கள்.

போர்ட் எடுத்த குழியில் நீர் கோத்துக் கசிவது அடிக்கடி நடப்பதுதான். வற்றியபின் கட்டியாக உணர்வது பெரும்பாலும் தழும்பு, மாதங்களில் இளகும். இருமும்போது அந்த இடம் புடைத்துக்கொண்டு வந்தால் குடலிறக்கமா என்று பார்க்க வேண்டும். மறுபடி சிவந்து, சுடுகிற மாதிரி இருந்தால் சீழ். ஒரு கேள்வியை மட்டும் உங்கள் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: “பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்ததா?” அரித்திருந்தால் எடுத்த இடத்தில் ஓட்டை, கசிவு, சீழ் ஆகியவற்றின் அபாயமும் அடுத்த ஆபரேஷனுக்கான காத்திருப்பும் வேறு கணக்கு.

நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியவை இவை:

- சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, கடும் வயிற்றுவலி, காய்ச்சல்
- திடீர் மூச்சுத்திணறல், அல்லது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது
- ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பு மலம்
- கண் இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல், நடைத் தடுமாற்றம் இப்போது இருப்பதைவிடக் கூடுவது

அந்த ஐந்து கிலோ

இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றரைப் பக்கம். “எனக்கு வைராக்கியம் இல்லை” என்று மூன்று இடத்தில். வைராக்கியத்தை விடுங்கள். வாந்தியில் வறண்டிருந்த உடம்பு நீரை மீட்டுக்கொண்டதே அதில் ஒரு பங்கு. மீதி, பசி திரும்பியது. பேண்ட் இருந்தவரை, கொஞ்சம் சாப்பிட்டதும் போதும் என்ற உணர்வை அந்த அழுத்தம் கொடுத்தது. அது போனபின் பசி பழைய அளவுக்கு வருவதும், எடை ஏறுவதும் பெரும்பாலோருக்கு நடக்கிறது.

உங்கள் பழக்கத்தில் ஒன்று மட்டும் மாற வேண்டும். பேண்ட் காலத்தில் இட்லி சிக்கியது, காபியில் நனைத்த பிஸ்கட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பேண்ட் வைத்த பலர் இப்படித்தான் தங்களை அறியாமல் இனிப்பான, குழைவான சாப்பாட்டுக்குப் பழகிப்போனார்கள். பேண்ட் போன பிறகும் நாக்கு அந்தப் பாதையிலேயே போகிறது. ஜூஸும் சர்க்கரைப் பாலும் பசியாற்றாது, எடை மட்டும் ஏற்றும். சிக்குகிற பிரச்சினைக்கு வழி பிறந்தால் இதுவும் பாதி தானாகச் சரியாகும்.

ஸ்லீவ் அடுத்த மாதமா?

வேண்டாம். ஸ்லீவ் கெட்ட ஆபரேஷன் என்பதற்காக அல்ல. உங்களுக்கு, இப்போது வேண்டாம் என்பதற்காக. பேண்ட் இருந்த இடத்தில் திசு தடித்து வடுப்பட்டிருக்கும். ஸ்டேப்ளர் போடும் கோடு அதன் மேலேயோ பக்கத்திலேயோ போகும். முதல்முறை செய்யும் ஸ்லீவை விட, பேண்டுக்குப் பிறகு செய்வதில் கசிவு அபாயம் அதிகம். பல சர்ஜன்கள் மூன்று மாதமாவது இடைவெளி விடுவது இதனால்தான். ஒரே மயக்கத்தில் எடுத்து அடுத்ததையும் செய்கிறவர்கள் உண்டு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அதுவும் நியாயம்தான்.

இரண்டாவது, உங்களுக்கு எதுக்களிப்பு இருந்தது, ராத்திரி இருமல் இருந்தது, உணவுக்குழாயின் நிலை இன்னும் தெரியாது. ஸ்லீவ் எதுக்களிப்பைக் கூட்டக்கூடியது. எப்போதாவது மறு ஆபரேஷன் என்று முடிவானால் இரைப்பை பைபாஸ் (சிறு பையாக்கிய இரைப்பையை நேராகக் குடலோடு இணைப்பது) பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கும், அதுவும் உணவுக்குழாயின் அழுத்தப் பரிசோதனை முடிந்த பிறகு. பைபாஸுக்குப் பின் வாழ்நாள் முழுக்க வைட்டமின் எடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். மூன்றாவது, வைட்டமின் குறைந்து கால் தடுமாறுகிறவரை மயக்க மேசைக்குக் கொண்டுபோவதில் நியாயமே இல்லை.

ஆபரேஷன் தேவையா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்படி ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (BMI) 27.5-ஐத் தாண்டினாலே ஆபரேஷன் பற்றிப் பேசலாம்; நீங்கள் தந்த உயரத்துக்கு 32 வருகிறது. பேசலாம் என்றால் செய்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. மௌஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் 2025 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. உங்கள் சர்க்கரைக்கும் அந்த வகை மருந்து உதவக்கூடும். ஆனால் அவை பசியைக் குறைக்கும், குமட்டல், வாந்தி தரும். சாப்பாடு இறங்காத, சத்துக்குறைந்த இந்த நிலையில் ஆரம்பிக்கக் கூடாது. வாந்தி நின்று, கால் தேறி, மூன்று நான்கு மாதம் கழித்து, உங்கள் சர்க்கரை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

சலுகை விலை பற்றி ஒரே ஒரு வார்த்தை. மாதக் கடைசித் தள்ளுபடி சேலைக்கு இருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு, குறியீட்டெண் 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய் போன்றவற்றோடு 35 என்ற வரம்பு பாலிசிகளில் இருக்கிறது. 32-ல் ஸ்லீவுக்குப் பணம் கிடைப்பது கடினம். பேண்டை எடுத்த செலவோ வேறு கதை. அது எடைக்காகச் செய்ததல்ல, நழுவி ஏற்பட்ட அடைப்புக்கு நடந்த சிகிச்சை. அந்த வார்த்தைகளிலேயே சர்ஜனிடம் கடிதம் வாங்கி, எக்ஸ்ரேயோடு இணைத்து மறுபடி விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவிலும் தீரவில்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் அந்த விண்ணப்பம் அடுத்த வாரம். நாளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், படியில் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். மாத்திரை அட்டைகளையும் அந்த ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப்போங்கள்.